காப்புக் கட்டிய நாட்களில் ஒரு கிரிமட்டோரியம்

தோட்டத்துக் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் கோழி அடிக்கக் கூடாது, சண்டை பிடிக்கக் கூடாது, வெளியூர் போனால் அங்கே தங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாவைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது. மாரியம்மனுக்குத் தேர் ஓடி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, காப்பை அவிழ்க்கும் வரைக்கும் இதுதான் சட்டம். அந்த நாட்களாகப் பார்த்து, சொல்லிவைத்தாற்போல, என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிரிமட்டோரியம் கிடைத்தது.

கிரிமட்டோரியம் என்றால் என்னவென்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பிள்ளைகளே, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நான் தலவாக்கலையில் ஓட்டோ ஓட்டுகிறவன். குடியிருப்பது லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். மனைவி கொழுந்து எடுக்கிறாள். படிப்பு எனக்கு சாதாரண தரப் பரீட்சையோடு சரி. அதிலும் இங்கிலிஷ் என்னைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. அதனால் ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் இங்கிலிஷில் கெட்டி என்று டீச்சர் சொன்னபோது எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனாலும் போன வருஷ இங்கிலிஷ் தினத்தில் அவளை மேடையில் ஏற்றவில்லை. திரை இழுக்கிற கயிற்றைக் கையில் கொடுத்து ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். நிகழ்ச்சி முடியும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வருஷம் எப்படியாவது மேடையில் ஏறிவிட வேண்டும் என்பது அவளுடைய வைராக்கியம்.

இங்கிலிஷ் டீச்சர் சின்னப் பெண். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஆர்வம் அதிகம். அவருடைய ஆர்வத்தால்தான் எனக்கு இவ்வளவு அலைச்சல். இங்கிலிஷில் 'ரியம்' என்று முடிகிற பெயர்கள் சில இருக்கின்றனவாம். அது லத்தீன் என்ற பழைய பாஷையிலிருந்து வந்த வாலாம். வாலில் ரியம் இருந்தால் அநேகமாக அது ஒரு இடம். தலையில் இருப்பது அந்த இடத்தில் என்ன இருக்கிறது, என்ன நடக்கிறது என்று சொல்லும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரியம். சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். எடுத்த சொல்லை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையில் ஏறி, அதன் பொருளை இங்கிலிஷில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம் சொல்ல வேண்டும். பார்க்க வருகிற கல்வி அதிகாரிக்கு மூன்று மொழியும் கேட்க வேண்டுமாம்.

மகள் குதித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, எனக்குத்தான் இருக்கிறதிலேயே பெரிய வார்த்தை விழுந்திருக்கு!"

"என்ன வார்த்தை?"

"கிரிமட்டோரியம். அ பிளேஸ் வேர் டெட் பொடீஸ் ஆர் பர்ன்ட்."

"தமிழ்ல சொல்லு."

"செத்தவங்கள எரிக்கிற இடம்."

அடுப்படியிலிருந்து மனைவி வெளியே வந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஈரம்கூடக் காயவில்லை. அந்த வருஷம் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு காப்புக் கட்டியிருந்தாள்.

"என்னடி சொன்ன?"

"சுடுகாடும்மா. ஆனா விறகு இல்ல, கரண்ட்ல எரிக்கிறது."

"வாய மூடுடி! கையில காப்பு கட்டிட்டு நிக்கிறேன், வீட்டுக்குள்ள சுடுகாட்டக் கொண்டாந்து வைக்கிறா!"

"நான் கொண்டாரலம்மா. டீச்சர் குடுத்தாங்க."

"ஒங்க டீச்சருக்கு வேற வார்த்தையே கெடைக்கலையாமா? பூ இருக்கு, பூசணி இருக்கு, எத்தன இருக்கு!"

"அதெல்லாம் ரியம்னு முடியாதும்மா."

மனைவி என் பக்கம் திரும்பினாள். வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் அந்தப் பார்வை என்மேல்தான் வந்து விழும். "பாத்துக்கிட்டே நில்லுங்க" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டு நிற்காமல் வேறு என்ன செய்ய? இங்கிலிஷ் தினம் தேருக்கு மூன்று நாள் முந்தி. அதாவது காப்பு நாட்களுக்கு நட்ட நடுவில். தேரையும் தள்ளிவைக்க முடியாது, அதிகாரியையும் தள்ளிவைக்க முடியாது. மனப்பாடம் செய்யாமல் மேடை ஏறவும் முடியாது. மனதுக்குள் சொல்லிப் பார் என்று மகளிடம் சொன்னேன். சத்தமாகச் சொல்லிப் பார்த்தால்தான் நாக்கு பழகும் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம்.

லயத்தில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். லயம் என்பது ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக அடைத்த காம்பராக்கள், ஒரு வீட்டுக்கு ஒரு அறை. நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. இந்தக் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் "நூறு வயசு" என்பார்கள். ஆடிட்டோரியம் என்று ஒரு ரியம் உண்டு, எல்லாரும் உட்கார்ந்து கேட்கிற இடம் என்று பிற்பாடு டீச்சர் எனக்கு விளக்கினார். அப்படி ஓர் இடம் தோட்டத்தில் கிடையாதே என்று வேறு வருத்தப்பட்டார். டீச்சருக்கு லயத்தில் இருந்து பழக்கமில்லை.

மகள் மூன்று மொழியிலும் எரித்தாள். காலையில் முகம் கழுவும்போது இங்கிலிஷில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தமிழில், விளக்கு வைக்கிற நேரத்தில் சிங்களத்தில். இங்கிலிஷில் மட்டும் எரித்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்கா குரல் கொடுத்தாள்.

"ஏன் பாப்பா, நல்ல நாளும் அதுவுமா யார எரிக்கிறீங்க?"

"யாரையும் இல்ல அத்தே, இங்கிலிஷ் டேக்கு."

"எரிக்கிறதுன்னு ஆயிப்போச்சு, ஒங்க அப்பன மொதல்ல எரி. போன வாரம் டவுனுக்குப் போக ஓட்டோ கேட்டேன், வரவே இல்ல."

லயமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அடுத்த நாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போன மனைவியிடம் யாரும் சிரித்துப் பேசவில்லை. குடத்தை நங்கென்று வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "கீழ் லயத்துத் தாத்தாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருக்காம். எல்லாரும் நம்ம வீட்டையே பாக்குறாங்க."

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

கீழ் லயத்துத் தாத்தா வெகு நாளாகப் படுக்கையில் இருந்தார். காப்புக் கட்டியிருக்கும்போது தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் திருவிழா அதோடு நிற்கும். தேர் கொட்டகையைவிட்டு வெளியே வராது. பால்குடம் இல்லை, காவடி இல்லை. வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த ஆசை எல்லாம் போய்விடும். திருவிழா நின்றது யாரால் என்று பிறகு பேச்சு வரும். சும்மா இருந்த சாவை வா வா என்று மூன்று பாஷையில் கூப்பிட்டது யார்? என் மகள். அந்தப் பேர் ஒட்டினால் சாகும்வரைக்கும் போகாது. தோட்டத்தில் ஒருத்தருக்குப் பட்டப்பேர் விழுந்தால் அது பிறப்புச் சான்றிதழைவிட உறுதியானது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைச் சுமக்க வேண்டுமா?

அன்று மாலையே தோட்டத் தலைவர் வந்துவிட்டார். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான். படுத்திருக்கிற தாத்தாவுக்கு அவர் அக்கா மகனும்கூட. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

"தம்பி, ஒம் மக படிக்கிறா, சந்தோசம். ஆனா இந்த வார்த்தைய கொஞ்சம் நிறுத்திவையி. சனங்க ஒரு மாதிரி பேசுதுக."

"இங்கிலிஷ் வார்த்தை தலைவரே. பள்ளிக்கூடத்துல குடுத்தது."

"அம்மனுக்கு இங்கிலிஷ் தெரியாதுங்கிறியா?"

தெரியும் என்றாலும் குற்றம், தெரியாது என்றாலும் குற்றம்.

"மேடையில ஏறக் கூடாதுன்னு சொல்லல. வேற வார்த்தையா வாங்கிக்கிட்டு ஏறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சவாரியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சீட்டு எடுத்தாச்சே ஐயா. மத்தப் பிள்ளைங்க சம்மதிச்சா மாத்திக்கலாம்" என்றார். இடைவேளையில் ரியம் வைத்திருந்த பிள்ளைகளை எல்லாம் மரத்தடிக்குக் கூப்பிட்டுவிட்டார். சந்தையில் மாடு மாற்ற வந்தவன்போல நான் நடுவில் நின்றேன்.

முதலில் பிளானட்டேரியம். உட்கார்ந்த இடத்தில் இருந்தே நட்சத்திரம், கிரகம் எல்லாம் காட்டுகிற கட்டடமாம். கொழும்பில் இருக்கிறதாம். அந்தப் பையன் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "தரமாட்டேன் மாமா. தலையில கட்ட சனிக்கிரகம் செஞ்சிட்டேன்."

அடுத்தது ஹெர்பேரியம். காய்ந்த செடிகளை ஒட்டி, பேர் எழுதிப் பாதுகாக்கிற இடம். அந்தப் பிள்ளை ஏற்கெனவே வீட்டில் இருந்த நல்ல புத்தகம் ஒன்றுக்குள் இலைகளை வைத்து அழுத்தி, அதற்கு அம்மாவிடம் அடியும் வாங்கிவிட்டாளாம். "அடி வாங்கினது நான், வார்த்தை மட்டும் ஒங்களுக்கா?" என்று கேட்டாள். நியாயம்தான்.

சோலாரியம் என்று ஒன்று. வெயில் காய்வதற்கென்றே கட்டுகிற கண்ணாடி அறையாம். எங்கள் பக்கத்தில் வெயில் வருவதே விருந்தாளி மாதிரி. அதற்கு ஒரு அறையும் கட்டிவைத்துக் காத்திருக்கிறார்களாம்! அந்தச் சொல்லை வைத்திருந்த பிள்ளை தருவதாகச் சொன்னாள். ஆனால் பக்கத்தில் நின்ற அவளுடைய அண்ணன், "கிரிமட்டோரியத்த வாங்கிட்டு வீட்டுக்கு வா, அம்மா ஒன்னைய வெளக்குமாத்தால வெயில் காய வைக்கும்" என்றான். உடனே பின்வாங்கிவிட்டாள்.

மிஞ்சியது சானட்டோரியம். காச நோய்க்காரர்களை மலைக்காற்றில் வைத்துப் பார்க்கிற ஆஸ்பத்திரி என்றார் டீச்சர். அதை நானே வேண்டாம் என்றேன். எரிகிற வீட்டிலிருந்து இருமுகிற வீட்டுக்கு மாறி என்ன லாபம்?

எனக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், ரியம்னா இடம்னு சொல்றீங்க. ரேடியோ நியூஸ்ல மொரட்டோரியம், மொரட்டோரியம்னு சொல்றாங்களே, அது எந்த ஊருல இருக்கு?" என்று கேட்டேன்.

டீச்சர் கொஞ்சம் திணறினார். "அது மட்டும் இடம் இல்லைங்க ஐயா. ஒரு காரியத்தைக் கொஞ்ச காலத்துக்குச் செய்யாமத் தள்ளிவைக்கிறது."

"பாத்தீங்களா? வால வச்சு மாட்ட அடையாளம் சொல்ல முடியாது."

"அதனாலதான் அநேகமானு சொன்னேன்" என்றார். பாவம், முகம் சிவந்துவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர்மேல் என்ன கோபம்? கோபப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் அக்குவேரியம் வைத்திருந்த பையன் தானாகவே வந்தான். மீன் தொட்டி. அவர்கள் டவுனில் சலூன் வைத்திருக்கும் வேதக்காரக் குடும்பம். அவர்களுக்குக் காப்பும் இல்லை, தேரும் இல்லை. "எங்கம்மாகிட்டக் கேளுங்க அங்கிள்" என்றான். சலூனுக்குப் போனேன். முடி வெட்டுகிற கண்ணாடிக்குப் பக்கத்தில் தொட்டி, அதற்குள் இரண்டு தங்கமீன். பையனின் அம்மா யோசித்துவிட்டு, "மாத்திக்கலாம். ஆனா சும்மா வாயால மீன்தொட்டின்னு சொன்னா நல்லாருக்குமா? இந்தத் தொட்டிய மேடையில வைக்கிறதா டீச்சர்கிட்டச் சொல்லிட்டோம். நீங்களே ஓட்டோவுல ஏத்திட்டுப் போய், பத்திரமா கொண்டாந்து விட்டுருங்க" என்றாள்.

ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

வெற்றி வீரன் மாதிரி வீட்டுக்குப் போனேன். "பாப்பா, ஒனக்கு அக்குவேரியம்! நிசமான மீனோட!"

மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். மகள் என்னையே பார்த்தாள்.

"என்னையக் கேக்காம ஏம்ப்பா மாத்துனீங்க?"

"நல்லதுக்குத்தானே?"

"மீன் தொட்டிய நாலாம் வகுப்புப் புள்ளையும் சொல்லும். மூணு பாஷையிலயும் இத நான் பாடமாக்கிட்டேன். சிங்கள டீச்சர்கிட்டப் போய் உச்சரிப்புக் கேட்டுட்டு வந்தேன். இப்ப வேற வார்த்தை. மீனு என்ன பேசும்? தொட்டியப் பாத்துக்கிட்டு எல்லாரும் என்னையப் பாக்கமாட்டாங்க." பச்சைக் கம்பளியை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "திருப்பிக் கயிறுதான் பிடிக்கணும்னா சொல்லுங்க, போய்ப் பிடிக்கிறேன்."

அன்றைக்கு எனக்கு வந்த சலிப்பை எழுத்தில் எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். மாற்றாவிட்டால் ஊர் ஏசுகிறது, மாற்றினால் மகள் அழுகிறாள். நடுவில் ஒரு மீன் தொட்டி.

இந்த நிலையில் கீழ் லயத்திலிருந்து ஆள் வந்தது. தாத்தா கூப்பிடுகிறாராம். என்னை மட்டும் இல்லை. "அந்த ரியம் புள்ளையையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

மனைவி நெஞ்சில் கை வைத்தாள். போகாமல் இருக்க முடியுமா? கூட்டிக்கொண்டு போனேன். தாத்தா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கியிருந்தார்கள். வாசலருகில் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கீங்க மாமா?" என்று கேட்டேன்.

"நீயும் பாக்க வந்துட்டியா, இருக்கேனா போயிட்டேனான்னு? காலையில இருந்து வரிசையா வந்து எட்டிப் பாத்துட்டுப் போறானுங்க. மூச்சு வருதான்னு மூக்கையே பாக்குறானுங்க. ஒருத்தன் கையில ஒரு பிஸ்கட் இல்ல."

"நீங்கதானே மாமா கூப்பிட்டீங்க."

"ஒன்னைய எவன் கூப்பிட்டான்? புள்ளயக் கூப்பிட்டேன்." அவளைப் பக்கத்தில் வரச் சொன்னார். "நீ என்னமோ ஒரு எடத்தப் பத்திச் சொல்றியாமே. இவனுங்க ஒழுங்காச் சொல்ல மாட்டேங்கிறானுங்க. நீ சொல்லு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லும்மா" என்றேன்.

அவள் நேராக நின்று, மேடையில் நிற்பதுபோலக் கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, மூன்று மொழியிலும் சொன்னாள். முதலில் 'அ பிளேஸ் வேர்' என்று அழுத்திச் சொன்னாள். அதைச் சொல்லாவிட்டால் பாதி மார்க்தான் என்று டீச்சர் சொல்லியிருந்தாராம்.

தாத்தா கவனமாகக் கேட்டார். "விறகு வேணாமா?"

"வேணாம் தாத்தா. கரண்ட், இல்லாட்டி கேஸ்."

"மழை பேஞ்சா?"

"உள்ளுக்குள்ளதானே தாத்தா. மேல கூரை இருக்கும்."

"கூரை இருக்கா?" அவர் அதை இரண்டாம் தரம் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "என் பொண்டாட்டியப் பொதைச்சப்ப சரியான மழை. குழி தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுது. வாளியால எறைச்சுப் பாத்தோம், நிக்கல. பெட்டிய எறக்குனா மெதக்குது. ரெண்டு பேர் ஏறி நின்னு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மண்ணப் போட்டோம். அவளுக்குத் தண்ணின்னாலே குளுரும்." அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. "கூரை இருக்காமே."

எங்கள் தோட்டத்தில் எரிக்கிற வழக்கமில்லை. தேயிலைக்குக் கீழே ஓடைப் பக்கமாக ஒரு சரிவு ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். அங்கேதான் எல்லாரும். எல்லாருக்கும் அந்தத் தண்ணீர் தெரியும். காப்பு இல்லாத நாளிலும் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

தலைவர் மெதுவாக, "இப்ப எதுக்கு மாமா இந்தப் பேச்சு? நல்ல நாள்..." என்று தொடங்கினார்.

தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை நாள் படுத்திருந்தவருக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ! "டேய், நான் செத்துருவேன்னுதானே எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கீங்க? சாகப் போறவன் நானு. எனக்கே பயமில்ல, ஒனக்கென்னடா? இந்தப் புள்ளய ஒரு வார்த்தை சொல்லிப் பாரு. நாளைக்கே செத்துருவேன். ஒந் தேரு அப்படியே நிக்கும்!"

தலைவர் முகம் வெளுத்துப்போனது. "ஐயையோ மாமா, நான் என்ன சொன்னேன்?"

"புள்ள போய்ச் சொல்லிட்டு வரட்டும். காப்பு எறங்குற வரைக்கும் நான் எங்கயும் போகல. பேசாமப் போய்த் தேருக்குப் பூவக் கட்டுங்கடா."

எனக்குச் சட்டென்று ரேடியோ ஞாபகம் வந்தது. ஒரு காரியத்தைக் கொஞ்ச காலத்துக்குத் தள்ளிவைப்பது. டீச்சர் சொன்னபோது விளங்காதது அங்கே விளங்கியது. தோட்டமே சேர்ந்து அந்த மனிதரிடம் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அவரும் தந்துவிட்டார். ஆனால் கேட்கிற ஒருவரும் ஒரு பிஸ்கட்டோடு போய்க் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கடையில் ஒரு பக்கட் வாங்கி மகளிடம் கொடுத்தனுப்பினேன்.

வார்த்தையைத் திரும்ப மாற்றிக்கொள்வது லேசாக முடிந்தது. சலூன்காரப் பையனுக்குக் கிரிமட்டோரியம் என்று வாயில் வரவே இல்லையாம். அவன் கும்பிடாத குறையாக அட்டையைத் திருப்பித் தந்தான். ஆனால் பையனின் அம்மா, "தொட்டிய ஏத்திட்டுப் போறது போறதுதானே?" என்றாள். பேச்சு பேச்சுதான். ஆகவே எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அக்குவேரியத்தை அந்தக் குன்றுப் பாதையில், ஒவ்வொரு வளைவிலும் பாதித் தண்ணீர் என் முதுகில் கொட்ட, ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு மீன் துள்ளி வந்து என் செருப்புக்குள் விழுந்தது. பிடித்துப் போட்டேன். பிழைத்துக்கொண்டது. பின்னால் உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, அக்குவேரியம்னா தண்ணி இருக்கிற இடம். இப்ப நம்ம ஓட்டோவும் அக்குவேரியம்தான்" என்றாள். எரிச்சலிலும் சிரிப்பு வந்தது.

மனைவி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். காப்புக் கையோடு அந்த வார்த்தையைக் கேட்கமாட்டாளாம். ஈரச் சட்டையோடு நான் பின்வரிசையில் நின்றேன். சனிக்கிரகத்தைத் தலையில் கட்டிய பையன் வந்துபோனான். சோலாரியம் வந்துபோனது. அப்புறம் மகளின் முறை. அவள் நடந்து வந்து நடுவில் நின்றாள். போன வருஷம் அவள் பிடித்திருந்த கயிற்றை வேறொரு பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தது. அட்டை அவள் வயிறு வரைக்கும் தொங்கியது. அவ்வளவு நீளமான சொல்.

மூன்று மொழியிலும் பிசகாமல் சொன்னாள். அதிகாரி தலையை ஆட்டி, பக்கத்தில் இருந்த அதிபரிடம் ஏதோ சொன்னார். கை தட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கொழுந்துக் கூடையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமல், மலையிலிருந்து நேராக வந்த கோலத்தில் மனைவி வெளியே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, கண் கொட்டாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரமாட்டேன்னியே" என்று வெளியே போய்க் கேட்டேன்.

"கேக்கத்தான் கூடாது. பாக்கிறதுக்கு என்ன?" என்றாள். "முடிஞ்சிருச்சா? விரல எடுக்கலாமா?"

தேர் ஓடியது. பால்குடம் போனது. தேர் கீழ் லயத்தைத் தாண்டும்போது தாத்தாவைத் தூக்கி வந்து வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் அம்மனைப் பார்த்தாரோ இல்லையோ, தலைவரைப் பார்த்து விரலை ஆட்டினார். காப்பு இறங்கியது.

தாத்தா சொன்ன சொல்லைக் காப்பாற்றியதோடு நிற்காமல் அதற்குப் பிறகும் இரண்டு மாதம் போல இருந்தார். போனது பெருமழைக் காலத்தில். சாவுக்கு அடிக்கிற தப்பு மேளம் கேட்டபோது யாரும் எங்கள் வீட்டைப் பார்க்கவில்லை.

அன்று மழை ஒரு நிமிஷம் விடவில்லை. சரிவில் குழி வெட்டினோம். ஒரு முழம் போனதும் தண்ணீர் ஊறியது. நான்கு பேர் வாளியால் இறைத்தோம். இறைத்த தண்ணீர் மேட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் குழிக்கே வந்தது. தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்று இறைத்தார். ஒரு கட்டத்தில் வாளியைத் தூக்கி மேட்டில் எறிந்துவிட்டு, முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தார்.

"அந்தப் புள்ள சொல்லிச்சே" என்றார் என்னிடம். "கிரிமட்டோரியம். அது ஒண்ணு இருந்தா மனுசன் இப்படித் தண்ணியில..." குனிந்து வாளியை எடுத்துக்கொண்டார். அந்த வார்த்தையை நிறுத்திவைக்கச் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறதா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டு என்ன ஆகப் போகிறது? அவருக்குத்தான் தாய்மாமன்.

பீலியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மகள் துவாயோடு நின்றாள்.

"தண்ணி இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு."

அவள் துவாயை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"தலைவரு ஒன் வார்த்தையச் சொன்னாரு" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"முழுசாவா?"

"முழுசா. பிசகாம."

"அ பிளேஸ் வேர்?"

"அது சொல்லல."

"அப்ப பாதி மார்க்தான்" என்று சொல்லிவிட்டு, துவாயை என் தலையில் போட்டுக் கண்ணை மறைத்துவிட்டு உள்ளே ஓடிப்போனாள். அடுப்படியில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் லயம் முழுக்கக் கேட்டது.